முயல் தீனியைக் குறைத்து ஒளிந்துகொண்டால்: குடலுக்குள் நடப்பதும் வீட்டில் செய்ய வேண்டியதும்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் முயல் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ரெண்டு நாளா தீனி எடுக்கலைங்க, கூண்டுக்குப் பின்னாடியே உக்காந்துக்குது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்குங்களா?"

வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியில் உயிருக்கே ஆபத்தானது 'ரெண்டு நாளா' என்ற சொல்தான். மாடோ நாயோ ஒரு வேளை தீனியை விட்டால் மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கலாம். முயலுக்கு அந்த அவகாசம் கிடையாது. வளர்ந்த முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தாலோ, அந்த நேரத்தில் புழுக்கை போடாமல் இருந்தாலோ அது அவசர நிலை. குட்டியென்றால் அதைவிடவும் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஏன் இத்தனை அவசரம் என்பது முயலின் குடல் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் விளங்கும்.

## ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல்

மாடு, ஆடு அசைபோடும். தழையும் சோளத்தட்டும் முன்வயிற்றிலேயே நொதித்துவிடும். முயலுக்கு ஒற்றை வயிறு. நார்த்தீனி நொதிப்பது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள ஒரு பெரிய பையில். முயலின் வயிற்றறையில் அதிக இடத்தை அடைத்திருப்பது இந்தப் பைதான்.

தின்றதைக் குடல் இரண்டாகப் பிரிக்கிறது. செரிக்காத நீள நார் உருண்டைப் புழுக்கையாக வெளியேறுகிறது. நுண்ணிய பகுதி பைக்குள் திரும்பிப்போய், நுண்ணுயிர்களால் நொதித்து, சின்னத் திராட்சைக் கொத்து போன்ற பளபளப்பான மென்சாணியாக வருகிறது. முயல் அதை ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். பி வகை வைட்டமின்களும் புரதமும் அதற்குக் கிடைக்கும் வழிகளில் இது முக்கியமானது. இதைப் பார்த்து அருவருத்துத் தடுக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு முழுவதையும் தள்ளிக்கொண்டு போவது நீள நார். அது உள்ளே வருவது நின்றால் வரிசையாக இவை நடக்கும்:

1. குடலின் அசைவு மந்தமாகும்.
2. வயிற்றில் தங்கிய தீனியும் நக்கி விழுங்கிய மயிரும் நீர் வற்றி இறுகும்.
3. பைக்குள் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, வாயுவை உண்டாக்குபவை பெருகும்.
4. வாயுவால் குடல் உப்பி வலிக்கும். வலிப்பதால் முயல் இன்னும் தின்னாது. குடல் இன்னும் மந்தமாகும்.
5. பசியில் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அங்கே கொழுப்பு படிந்தால் கல்லீரல் செயலிழக்கும். குண்டு முயல்களுக்கு இது வேகமாக நடக்கும்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்பக்கம் திரும்பி வர வழியில்லை. இந்த நிலையைக் குடல் தேக்கம் என்கிறோம். செத்த முயலை அறுத்துப் பார்த்து, வயிற்றில் மயிர் உருண்டை இருந்ததால் 'மயிர் அடைத்துச் செத்தது' என்று சொல்வது உண்டு. பெரும்பாலும் குடல் முதலில் நின்றிருக்கும், மயிர் அதன்பிறகு இறுகியிருக்கும். குடல் தேக்கம் தானாக வருவதும் அரிது. பின்னால் பல்வலியோ, வெயிலோ, பயமோ, தீனிக் கோளாறோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் குடலை மட்டும் ஓட்டிவிட்டால் பத்து நாளில் மறுபடியும் நின்றுவிடும்.

## ஏன் ஒளிகிறது?

நாயும் பூனையும் கீரியும் கழுகும் தின்னும் உயிர் முயல். நோயைக் காட்டினால் முதலில் பிடிபடும். அதனால் வலி வந்தால் கத்தாது, நொண்டாது; மூலைக்குப் போய் அசையாமல் உட்கார்ந்துவிடும். தீனி குறைவதும் ஒளிவதும் ஒரே வலியின் இரு பக்கங்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ஒளிதலும் நோயும் ஆகாது. நடுப்பகலில் முயல் ஓய்வெடுக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் துறுதுறுவென்று இருக்கும். மதியம் மூன்று மணிக்குக் கட்டிலுக்கு அடியில் பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தால் கவலையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தீனித் தட்டின் சத்தம் கேட்டும் வெளியே வராவிட்டால் கவலைப்பட வேண்டும். வலியில் இருக்கும் முயல் முதுகைக் கூனி, நான்கு காலையும் உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி, காதைப் பின்னால் சாய்த்து உட்காரும். சில நேரம் வயிற்றைத் தரையில் அழுத்தும், எழுந்து இடம் மாறி மறுபடி அழுத்தும். தலைக்குப் பக்கத்தில் காதை வைத்தால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்கும். தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் பல்லை மெல்ல உரசுவது வேறு, அது லேசாகத்தான் கேட்கும். வலியில் கடிப்பது அழுத்தமாக, விட்டுவிட்டு வரும்.

## புழுக்கையே முதல் சாட்சி

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி 'புழுக்கை எப்படி?' என்பதுதான். நல்ல முயல் ஒரு நாளில் 200 முதல் 300 வரை போடும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, உருண்டை. விரலால் நசுக்கினால் உதிர்ந்து உள்ளே புல் நார் தெரியும். முயல் சுணங்கியதும் கூண்டைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை விரியுங்கள். அடுத்த நான்கு மணி நேரத்தில் அதில் விழுவதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

- சிறுத்து, கறுத்து, நசுக்கினால் உடையாமல் கெட்டியாக இருந்தால்: தீனியும் தண்ணீரும் குறைந்துவிட்டன, குடல் மந்தமாகத் தொடங்கிவிட்டது.
- மயிரில் கோத்த மணிகளாக வந்தால்: மயிர் உதிரும் காலத்தில் நார் போதவில்லை. குடல் இன்னும் ஓடுகிறது என்பதால் சரிசெய்ய நேரமிருக்கிறது.
- மென்சாணி தின்னப்படாமல் பின்பக்கம் அப்பியிருந்தால்: மாவும் சர்க்கரையும் கூடிவிட்டன, அல்லது உடல் பருமனாலோ முதுகு வலியாலோ முயலால் குனிய முடியவில்லை.
- தண்ணீராகப் போனால்: குட்டிகளுக்கு, முக்கியமாகத் தாய்ப்பால் மறந்த பிறகு, ரத்தக்கழிச்சல் என்னும் காக்சிடியா நோயாக இருக்கலாம். அரை நாள் தள்ளினாலும் குட்டி பிழைப்பது கடினம்.
- ஒன்றுமே விழாவிட்டால்: அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். தழையின் நிறமிகளால் அப்படி வருவது இயல்பு. சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக வருவதும் ஓரளவுக்கு இயல்பே. குழைவாகக் கெட்டிப்பட்டு, முக்கி முக்கிப் போனால் மட்டும் காட்ட வேண்டும்.

## காரணத்தைத் தேடும் வரிசை

வெயில். முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காதின் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான். காற்றின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். கரூர் பரமத்தியும் ஈரோடும் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் கோவையிலும் பொள்ளாச்சியிலும் வெளியே கொஞ்சம் இதமாக இருக்கலாம். சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலோ மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலோ வைத்த கூண்டுக்கு அந்த இதம் எட்டாது. சூட்டில் தவிக்கும் முயல் நீட்டிப் படுத்து வேகவேகமாக மூச்சு வாங்கும், காது சிவந்து சுடும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் உயிருக்கு ஆபத்து. காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் துடைத்து நிழலுக்கு மாற்றி, காற்று பட வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியில் இறந்துபோகும்.

பல். முயலுக்கு 28 பற்கள். எல்லாம் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பல் தேயும். கம்பெனித் தீவனமும் கேரட்டும் மட்டும் தின்னும் முயலுக்குப் பல் சரியாகத் தேயாமல் ஓரத்தில் கூராகி, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அடையாளம் தெளிவானது: பசியோடு தட்டுக்கு ஓடி வரும், எடுக்கும், கீழே போட்டுவிடும். புல்லை விட்டு மெத்தென்றதை மட்டும் தேடும். தாடை நனைந்திருக்கும், ஒரு கண்ணில் மட்டும் நீர் வழியும். முன்பல் நன்றாக இருப்பதைப் பார்த்து 'பல் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டாதீர்கள். கோளாறு உள்ளே இருக்கும். நகவெட்டியால் பல்லை வெட்டினால் வேர்வரை பிளந்து சீழ் பிடிக்கும்.

சொறி. நம் பக்கத்து முயல்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. மூக்கு நுனி, உதடு, காது விளிம்பு, பாத நுனியில் சாம்பல் நிறப் பொருக்கு தட்டும். அரிப்பில் தூங்காது, தின்னாது. பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வந்து வலி கூடும். வேப்பெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் பூசுவது வழக்கத்தில் இருக்கிறது; முயல் உடனே நக்கி விழுங்கிவிடும் என்பதால் இரண்டுமே வேண்டாம். மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போடுவார், இரண்டு வாரத்துக்குள் மறுபடி போடச் சொல்வார். முதல் ஊசியில் பொருக்கு உதிர்ந்ததும் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். சொறியை உண்டாக்கும் நுண்ணிய உண்ணிகள் முட்டையிலிருந்து புதிதாகக் கிளம்பும். கூண்டையும் கழுவிக் காயவைக்க வேண்டும். வளர்ப்பவருக்கும் கையில் அரிப்பு வரலாம்.

மூக்கடைப்பு. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். சளி அடைத்தால் மெல்லவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் முடியாமல் தீனியை விடும். முன்னங்காலின் உட்பக்க மயிர் காய்ந்து சடைபிடித்திருந்தால் அது மூக்கைத் துடைத்த தடம்.

பயம். கம்பம் நடும் மாரியம்மன் நோம்பி நம் ஊர்களில் வருவது வெயில் ஏறும் அதே வாரங்களில். ஒலிபெருக்கி, பறை, வேட்டு எல்லாம் சேரும்போது வெயிலோடு பயமும் குடலை நிறுத்தும். தெருநாய் இரவில் கூண்டைச் சுற்றி வந்திருக்கலாம். வீடு மாறியது, புது நாய்க்குட்டி வந்தது, கூடவே இருந்த முயல் செத்தது எல்லாமே கணக்கில் வரும்.

பெட்டை முயல் என்றால் சினையா என்று பாருங்கள். 'ரெண்டும் ஆண்தான்' என்று சொல்லி விற்கப்பட்ட ஜோடிகள் குட்டி போடுவது சகஜம். சினைக்காலம் 30 முதல் 32 நாள். கடைசி நாட்களில் தீனி சற்றுக் குறையும். நெஞ்சு மயிரைப் பிய்த்து, வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு இருட்டு மூலைக்குப் போகும். சினையே இல்லாமல் இதே மாதிரி நடப்பதும் உண்டு. பொய்ச்சினை 16 முதல் 18 நாளில் தணியும். இரண்டிலும் புழுக்கை நிற்கக் கூடாது. நின்றால் வேறு நோய்.

அடிப்பக்கம். வாலைத் தூக்கிப் பாருங்கள். சாணி அப்பிய இடத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும். கம்பி வலைத் தரையில் நிற்கும் முயலுக்குப் பின்பாதத்தில் மயிர் கொட்டிப் புண் இருக்கும். நிற்க வலிப்பதால் தட்டு வரை வராது.

## வீட்டில் செய்யக்கூடியவை, வரிசைப்படி

1. வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வயிறு மெத்தென்று இருக்கும். இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் இறுகி உப்பி, காது சில்லிட்டு, திடீரென்று துவண்டுவிட்டால் அடைப்பாக இருக்கலாம். அப்போது வாயில் எதுவும் ஊட்டக் கூடாது, உடனே கிளம்புங்கள்.

2. உடல் வெப்பம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலைன் தடவி, ஒருவர் முயலை மடியில் அணைத்துப் பிடிக்க, மற்றவர் ஆசனவாயில் 1 முதல் 2 சென்டிமீட்டர் மட்டும் நுழைக்க வேண்டும். 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38க்குக் கீழே போனால் நிலைமை மோசம்: வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றியபடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பழக்கமில்லாவிட்டால் இந்த வேலையை மருத்துவரிடம் விட்டுவிடலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால் உதறும் வேகத்தில் முதுகெலும்பு முறியும்.

3. தண்ணீர். கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி வேண்டும். நிப்பிள் பாட்டிலின் குண்டு அடைத்துக்கொண்டு சொட்டு வராமல் இருப்பதே பல முயல்கள் தீனியை விடக் காரணம். விரலால் அழுத்திப் பாருங்கள். கனமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் இன்னும் நன்றாகக் குடிக்கும். கொத்தமல்லித் தழையை நனைத்து ஈரத்தோடு கொடுப்பதும் உதவும்.

4. புல்லை மூக்கருகே வையுங்கள். அருகம்புல், கொத்தமல்லி, புதினா என்று வாசமுள்ளவை முதலில். இரண்டு இணுக்கு தின்றாலும் நல்ல அறிகுறி.

5. ஊட்டுதல். தானாகத் தின்னவில்லை, வயிறு உப்பவும் இல்லை, மருத்துவர் வர நேரமாகும் என்றால் மட்டும். 1 மேசைக்கரண்டி முயல் தீவனக் குருணையை 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் அரையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள பல்லில்லாத இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, ஒரு முறைக்கு அரை மில்லி முதல் 1 மில்லி விடுங்கள். மென்று விழுங்கியபின் அடுத்தது. முயல் நான்கு காலிலும் நிற்க வேண்டும்; மல்லாத்திப் பிடித்தால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 50 மில்லி வரை, நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

6. நடக்க விடுங்கள். வழுக்காத தரையில், அமைதியான அறையில், முயல் தானாக நகர்ந்தால் வாயு இறங்கும். வயிற்றைப் பிசைய வேண்டாம். ஒளியும் இடத்தை மூடிவிடவும் வேண்டாம். அட்டைப்பெட்டி ஒன்றை இரு பக்கமும் திறந்து வைத்தால் பயமில்லாமல் இருக்கும், உங்கள் பார்வையிலும் இருக்கும்.

## தரக் கூடாதவை

குழந்தைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய விபத்து. வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் எல்லாம் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சை உண்டாக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுக்கும். பிறகு கழிச்சலில் முயல் இறக்கும். நாய் உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். விளக்கெண்ணெய், பால், குளுக்கோஸ், கிரைப் வாட்டர், பிஸ்கட் எதுவும் வேண்டாம். சர்க்கரை ஏறினால் பைக்குள் வாயு கூடும். வாயு மருந்தான சிமெதிக்கோனும் மருத்துவர் சொன்னால் மட்டும். அது காரணத்தைத் தீர்க்காது.

## மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகள் அதிகம். முயல் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரங்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. இப்படி இரண்டு எண்களை முயல் நன்றாக இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, வெயில் நேரமென்றால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். செய்தித்தாளில் விழுந்த புழுக்கையை ஒரு கவரில் எடுத்துப் போங்கள். கடைசியாகத் தின்ற நேரம், எடை, கடந்த ஒரு வாரத்தில் மாறிய தீனி, கொடுத்த மருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் தோலுக்கடியில் நீர் ஏற்றலாம், வலிக்கு மெலாக்சிகாம் தரலாம், அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு குடலை அசைக்கும் மருந்து தரலாம். வலி மருந்தைப் பற்றி நீங்களே கேளுங்கள். வலி தணியாமல் முயல் தின்னாது. கடைவாய்ப் பல்லைப் பார்க்கும்படியும் கேளுங்கள்.

## மறுபடி வராமல் இருக்க

வெளிநாட்டுத் திமோத்தி புல் பாக்கெட் விலை அதிகம் என்று பலர் புல்லையே விட்டுவிடுகிறார்கள். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் விளையும் கொழுக்கட்டைப் புல் முயலுக்கு நல்ல நார்த்தீனி. கதிர் முற்றும் முன் அறுத்து, நிழலில் சலசலக்கும் வரை உலர்த்தி, காற்றோட்டமாக அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். முற்றிய கதிரின் முள்மயிர் கண்ணில் படும் என்பதால் தட்டி உதிர்த்துவிடுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் முழுக் கட்டையும் ஒதுக்குங்கள். வெயில் காலத்தில் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லை அரை நாள் வாடவிட்டுக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்குப் போதாது.

தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரை மாட்டுக்குப் போடாததற்கு என்ன காரணமோ, அதே சயனைடு நஞ்சுதான் முயலுக்கும் காரணம். சவுண்டல் தழையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு, தவிர்க்கவும். குதிரைமசால், வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழைகளில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பொருந்தும், வளர்ந்த முயலுக்குக் கைப்பிடி போதும். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் தழை சந்தையில் சும்மாவே கிடைக்கும். மருந்து அடித்தது எப்போது என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

அளவு என்று பார்த்தால், உலர் புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். வளர்ந்த முயலுக்குக் குருணைத் தீவனம் கிலோவுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கேரட் ஒரு கட்டைவிரல் அளவு, தினமும் வேண்டாம். எந்தப் புதுத் தீனியையும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குடல் தேக்கத்திலிருந்து மீண்ட முயலுக்கு முதல் ஒரு வாரம் புல்லும் தழையும் மட்டும். குருணையைப் புழுக்கை பழைய அளவுக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டுக் கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். 2 கிலோ முயல் 100 கிராம் குறைந்தால் மயிருக்குள் கண்ணுக்குத் தெரியாது, தராசில் தெரியும். அந்த வாரமே மருத்துவரிடம் அதன் பல்லைக் காட்டிவிடுங்கள்.